ஹைபீமும் சாலையில் நாம் வழங்கும் தீர்ப்புகளும்

"மற்ற ஓட்டுநர்களிடம் உங்களுக்கு மிகவும் எரிச்சலூட்டும் பழக்கம் எது? அதை வைத்து அவர்களை எப்படி எடைபோடுவீர்கள்?" என்பது கேள்வி.

முதல் பாதிக்கு விடை எளிது: இரவில் ஹைபீமை, அதாவது முகப்பு விளக்கின் உயர்ந்த ஒளியை, தாழ்த்தாமல் வருவது. கோவையில் கார், இருசக்கர வாகனம் இரண்டையும் ஓட்டுகிறேன். நீலாம்பூரிலிருந்து மதுக்கரை வரை செல்லும் புறவழிச்சாலையில், நடுத்தடுப்பு இல்லாத இருவழிப் பகுதியில் இரவு நேரத்தில் ஒருமுறை போய் வந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். எதிரே ஒரு வெளிச்சம் தெரிகிறது, நாம் டிம், பிரைட் என்று இருமுறை தட்டிக் காட்டுகிறோம், அவர் தாழ்த்துவதில்லை. உடனே "அவனுக்கும் தெரியட்டும்" என்று பலர் தங்கள் ஹைபீமையும் போட்டுவிடுகிறார்கள். தண்டனை வழங்கிய திருப்தி கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதுவரை ஒருவருக்கு மட்டுமே கண் கூசியது. இப்போது இரண்டு வண்டிகளின் ஓட்டுநர்களுக்கும் பாதை தெரியாத நிலையில், சாலையோரம் விளக்கில்லாமல் சைக்கிளில் போகிறவர் இருவர் கண்ணுக்கும் தப்பிவிடுகிறார்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. கண் கூசுகிறது என்பதனாலேயே எதிரே வருபவர் ஹைபீமில் வருகிறார் என்று பொருளில்லை. பின்னிருக்கையில் மூவரும் டிக்கி நிறையச் சாமான்களும் இருந்தால் வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்து, தாழ்த்திய விளக்கே எதிரில் வருபவரின் கண்ணில் அடிக்கும். அதைச் சரிசெய்ய ஒரு சிறு குமிழ் பல கார்களில் ஸ்டியரிங்கின் பக்கத்திலேயே இருக்கிறது. அது எதற்கு என்று கேட்டால் பெரும்பாலானோர் விழிப்பார்கள். பழைய ஹாலஜன் விளக்குக்காகச் செய்யப்பட்ட கூட்டில் கடையில் வாங்கிய வெள்ளை எல்.இ.டி. பல்பைப் பொருத்தினால் ஒளி ஒழுங்காகக் குவியாமல் நாலாபுறமும் சிதறும். ஆக, நாம் திமிர் பிடித்தவர் என்று முடிவு கட்டியவர் ஏற்கெனவே விளக்கைத் தாழ்த்திவிட்டு, நாம் எதற்காகத் தட்டிக் காட்டுகிறோம் என்று புரியாமலே கடந்து போயிருக்கலாம். அவரிடம் தவறு இல்லை என்று சொல்லவில்லை. தவறு இருக்கிறது, நாம் நினைத்த தவறு அதுவல்ல.

2017 ஏப்ரலுக்குப் பின் தயாரான இருசக்கர வாகனங்களில் முகப்பு விளக்கை அணைக்கும் சுவிட்சே கிடையாது. இன்ஜின் ஓடினால் விளக்கும் எரியும். அந்த விதி வந்த புதிதில், பட்டப்பகலில் எதிரே வந்தவர்கள் எல்லாம் கையை உயர்த்தி விரல்களைக் குவித்து விரித்து, "லைட் எரியுது" என்று சைகை காட்டிக்கொண்டே போனார்கள். முன்பின் தெரியாதவரின் பேட்டரிக்காக இவ்வளவு கவலைப்படும் ஊரில்தான், இரவில் விளக்கைத் தாழ்த்த விரல் அசைய மாட்டேன் என்கிறது.

இனி கேள்வியின் இரண்டாவது பாதி. சாலையில் நாம் முகத்தைப் பார்ப்பதில்லை, வண்டியைத்தான் பார்க்கிறோம். எனவே தீர்ப்பு வண்டியிலிருந்தே தொடங்குகிறது. மஞ்சள் போர்டு என்றால் ஒரு முடிவு, வெளிமாவட்ட எண் என்றால் ஒரு முடிவு, எல் போர்டு என்றால் ஹாரன். என் தங்கை ஓட்டும்போது நான் பக்கத்து இருக்கையில் அமர்ந்து பலமுறை கவனித்திருக்கிறேன்: முந்திச் செல்கிறவர்களில் சிலர், ஓட்டுவது யார் என்று தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே தெரிந்த விடை சரியாக வந்ததைப் போல ஒரு சிரிப்புடன் போவார்கள். அவள் இடம் விட்டதனால்தான் அவர்கள் முந்த முடிந்தது என்பது அந்தக் கணக்கில் வருவதே இல்லை. அதே ஆட்கள், கட்சிக்கொடி கட்டிய பெரிய வெள்ளை வண்டி பச்சை விளக்கு விழுந்த பிறகும் அசையாமல் நின்றால், பொறுமையின் வடிவமாகிவிடுவார்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குணம் இல்லை. 1968இல் வெளியான ஓர் ஆய்வுக்காக டூப், கிராஸ் என்ற இருவர் கலிபோர்னியாவில் இதையே சோதித்தார்கள். பச்சை விளக்கு வந்த பிறகும் நகராமல் ஒரு முறை பழைய மலிவான காரையும், மறுமுறை பளபளக்கும் விலையுயர்ந்த காரையும் நிறுத்தி வைத்தார்கள். பழைய காருக்குப் பின்னால் நின்றவர்களில் 84 விழுக்காட்டினர் ஹாரன் அடித்தார்கள். விலையுயர்ந்த காருக்குப் பின்னால் 50 விழுக்காட்டினர்தான். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று மாணவர்களைத் தனியே கேட்டபோது, பணக்காரக் காரைப் பார்த்துத்தான் விரைவில் ஹாரன் அடிப்போம் என்று ஆண்கள் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த பகுதி. தம்மைப் பற்றிய மதிப்பீடும் இதே தரத்தில்தான் இருக்கிறது. 1981இல் சுவீடன் உளவியலாளர் ஓலா ஸ்வென்சன் வெளியிட்ட ஆய்வில், தம் குழுவினரோடு ஒப்பிட்டுத் தங்கள் ஓட்டும் திறனை மதிப்பிடச் சொன்னபோது, அமெரிக்க மாணவர்களில் 93 விழுக்காட்டினரும் சுவீடன் மாணவர்களில் 69 விழுக்காட்டினரும் தங்களை மேல்பாதியில் வைத்துக்கொண்டார்கள். பாதியில் அத்தனை பேருக்கு இடம் எங்கே இருக்கிறது?

என்னைக் கேட்டால், மிகவும் தவறாக எடைபோடப்படுகிறவர்கள் லாரி ஓட்டுநர்கள். சேலம் – கோவை நெடுஞ்சாலையில் வலப்பக்கத் தடத்தை விட்டு நகராத லாரியைப் பார்த்துக் கார்க்காரர்கள் பல்லைக் கடிக்கிறார்கள். கனரக வாகனம் இடப்பக்கம்தான் போக வேண்டும் என்பது சட்டம், அதில் மறுப்பில்லை. ஆனால் லாரியின் இருக்கையிலிருந்து அந்த இடப்பக்கத் தடத்தைப் பார்த்தால், டீக்கடைக்கு முன் நிறுத்திய வண்டி, இண்டிகேட்டர் போடாமல் சர்வீஸ் ரோட்டிலிருந்து நுழையும் வேன், அடுத்த யூ-டர்ன் தூரம் என்பதால் எதிர்த்திசையில் வரும் மொபெட் என்று வரிசையாகத் தெரியும். முழுப் பாரத்துடன் இருக்கும் வண்டியை ஒவ்வொன்றுக்காகவும் நிறுத்தி மறுபடி வேகமெடுக்க எத்தனை கியர், எவ்வளவு டீசல் என்பது அவருக்குத் தெரியும். அந்த மொபெட்காரருக்கும் தம் பக்கத்தில் ஒரு காரணம் இருக்கிறது. யூ-டர்னை அவ்வளவு தூரத்தில் வைத்தது அவர் இல்லை. இதற்கு மேல், லாரி வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் "முந்திக்கொள்" என்பதா, "வலப்பக்கம் திரும்பப் போகிறேன்" என்பதா என்று பின்னால் வருகிறவர்தான் ஊகிக்க வேண்டும். இரண்டு பொருளிலும் அது நம் சாலைகளில் வழங்குகிறது. ஊகம் தவறினால் பின்னால் வந்தவர் லாரியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்கிறார்.

கொங்குப் பகுதியின் தனியார் பேருந்துகளும் அப்படித்தான். ஒரு நிலையத்தில் எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குக் கிளம்ப வேண்டும் என்பது அனுமதிச்சீட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கும். முன்னால் போகும் வண்டிக்கும் பின்னால் வரும் வண்டிக்கும் இடைவெளி சில நிமிடங்கள்தான். டைமிங் தவறினால் நிறுத்தத்தில் நிற்கும் ஆட்களைப் பின்வண்டி அள்ளிக்கொண்டு போய்விடும், அன்றைய கலெக்ஷனோடு பேட்டாவும் குறையும். இதனால் அவிநாசி சாலையில் அந்தப் பேருந்து நம்மை ஓரங்கட்டுவது நியாயமாகிவிடாது. ஆனால் ஓட்டுநரை ரவுடி என்று திட்டிவிட்டு வேலை முடிந்ததாக நினைப்பவர்கள், அவருடைய இடத்தில் நாளைக்கு இன்னொருவரை உட்காரவைத்தாலும் இதே ஓட்டம்தான் நடக்கும் என்பதை யோசிப்பதில்லை.

எரிச்சலுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பும் நாம் நினைப்பதைவிட மெலிதானது. மெதுவாகப் போகிறவரைத் திட்டும் அளவுக்கு, சீராக, யாரையும் தொந்தரவு செய்யாமல், மிகவும் வேகமாகப் போகிறவரை நாம் திட்டுவதில்லை. "நல்லா ஓட்டறான்" என்று சொல்வதும் உண்டு. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினரின் சாவுக்குக் காரணமாகக் குறிக்கப்பட்டது மிகைவேகம். எல்லோரும் சபிக்கும் ராங் சைடு ஓட்டம் அதற்கு வெகுதூரம் பின்னால், ஏறத்தாழ 5 விழுக்காட்டில் இருக்கிறது. இந்த எண்ணையும் கொஞ்சம் உரசிப் பார்த்துத்தான் ஏற்க வேண்டும். அது காவல்துறைப் பதிவுகளிலிருந்து வருவது. வளைவில் எச்சரிக்கைப் பலகை இல்லாததும் தெருவிளக்கு எரியாததும் அந்தப் பதிவுப் படிவத்தின் காரணக் கட்டத்தில் ஏறுவதைவிட ஓட்டுநரின் வேகம் ஏறுவது எளிது. இரண்டு வண்டிகள் மோதினால் பெரிய வண்டிதான் குற்றவாளி என்று கூடும் கூட்டம் முடிவு செய்வதைப் போல, படிவமும் ஓர் ஆளைத் தேடுகிறது.

சரி, எடைபோடாமல் ஓட்ட முடியுமா? முடியாது, முன்னால் போகிறவர் அடுத்து என்ன செய்வார் என்று கணிக்காமல் நம் சாலையில் ஒரு கிலோமீட்டர் தாண்ட இயலாது. நியாயமான எடைபோடலை நான் பார்த்தது மேட்டுப்பாளையம் – குன்னூர் மலைப்பாதையில். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தப் பாதையில் டி.என். 43 எண் கொண்ட நீலகிரி வண்டிக்காரர்கள், கீழேயிருந்து வந்த வண்டிகளைக் கடுமையாகத்தான் மதிப்பிடுகிறார்கள். ஆனால் அவர்கள் பார்ப்பது குறிப்பான சிலவற்றை: இறக்கத்தில் நியூட்ரலில் வருகிறாரா, பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு லைனிங் கருகும் வாடையோடு வருகிறாரா, மேலேறும் வண்டிக்கு முன்னுரிமை என்ற விதி தெரிந்து வளைவுக்கு மேலேயே நிற்கிறாரா, அல்லது பாதி வளைவில் மூக்கை நுழைத்துவிட்டுப் பேருந்துக்காரரை முறைக்கிறாரா. இவற்றில் எதையும் சமவெளியில் நடக்கும் ஓட்டுநர் உரிமத் தேர்வில் யாரும் கேட்பதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால் அங்கே மாட்டிக்கொண்ட காரிடம் பேருந்திலிருந்து இறங்கி வரும் நடத்துநர், முதலில் நாலு வார்த்தை திட்டினாலும், வண்டியைப் பின்னால் எடுக்க வழி சொல்லிவிட்டு, "செகண்ட் கியர்லயே விடுங்க சார், ஏர்ற கியர்லதான் எறங்கணும்" என்றும் சொல்லிவிட்டுப் போகிறார்.