குடத்துக்கு ஒரு பிரீஆம்ப்: கேள்வி பதில்

மாடுலர் சிந்தசைசருக்கு (தனித்தனி மாட்யூல்களை வயரால் இணைத்து ஒலி உண்டாக்கும் மின்னணுக் கருவி) பிரீஆம்ப், அதாவது மெல்லிய சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் மாட்யூல் வடிவமைப்பது பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். நான் நெல்லை பேட்டையில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிறவன். வில்லுப்பாட்டுக் குடம், உடுக்கை இவற்றின் ஒலியை சிந்தசைசருக்குள் கொண்டுவரும் மாட்யூல்களும் செய்கிறேன். கேள்விகளுக்குப் போவோம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: அண்ணாச்சி, குடத்தில் அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ தகடு ஒட்டி, மிக்சரின் லைன் இன்புட்டில் செருகி, அங்கிருந்து சிந்தசைசருக்குக் கொண்டுபோனேன். தகரடப்பாவைத் தட்டுவது போல் இருக்கிறது. கெயின் (பெருக்கும் அளவு) கூட்டினால் சரியாகுமா?

ஆகாது தம்பி, தகரச் சத்தமேதான் பெரிதாகும். பீசோ தகட்டை ஒரு சின்னக் கெப்பாசிட்டர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் 27 மில்லிமீட்டர் தகடு ஏறக்குறைய 15 நானோஃபாரட் இருக்கும். அது எந்த ரெசிஸ்டரோடு சேர்கிறதோ அதைப் பொறுத்து, ஓர் அளவுக்குக் கீழே உள்ள ஒலியெல்லாம் வடிந்து போய்விடும். மிக்சரின் லைன் இன்புட் 10 கிலோ ஓம் என்றால் அந்த அளவு சுமார் 1,060 ஹெர்ட்ஸ். குடத்தின் 'பூம்' முழுவதும் அதற்குக் கீழே கிடக்கிறது, உங்களுக்கு எஞ்சியது ஓட்டின் 'ணங்' மட்டும். மாடுலரில் வழக்கமான 100 கிலோ ஓம் இன்புட்டில் நேராகச் செருகினால்கூட 106 ஹெர்ட்ஸ்தான், இன்னும் மெலிந்தே இருக்கும். 1 மெகா ஓம் வைத்துப் பாருங்கள். 10 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், குடம் குடமாகக் கேட்கும்.

அதனால் பிரீஆம்ப் என்றதும் எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்று ஆரம்பிக்காதீர்கள். எதைச் செருகப் போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. பீசோவுக்கு 1 மெகா ஓமுக்குக் குறையாத வாசல், அதாவது இன்புட், வேண்டும். கெயின் அப்புறம்.

தென்காசியிலிருந்து: டிஎல்072 ஆப்-ஆம்ப் சிப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) இரைச்சல் என்கிறார்கள். என்இ5532 போடலாமா?

டைனமிக் மைக்குக்குத் தாராளமாகப் போடலாம். இரைச்சல் கணக்கில் 5532 நல்ல சிப்தான். ஆனால் அதன் உள்ளீட்டுக் கால் சுமார் 200 நானோ ஆம்பியர் இழுக்கும். 1 மெகா ஓமில் அது 0.2 வோல்ட் டிசியாக, அதாவது ஒலியில்லாத நிலையான வோல்ட்டேஜாக, நிற்கும். அடுத்த கட்டத்தில் 50 மடங்கு பெருக்கினால் 10 வோல்ட், சிப் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். பீசோவுக்கு, கரண்ட் இழுக்காததுபோலவே இருக்கும் ஜெஃபெட் வாசல் உள்ள டிஎல்072-தான் என் தேர்வு.

பாளையங்கோட்டையிலிருந்து: எத்தனை மடங்கு கெயின் வேண்டும், அண்ணாச்சி?

மாடுலருக்குள் ஓடும் ஒலி உச்சிக்கு உச்சி சுமார் 10 வோல்ட். வீட்டு ஆடியோ கருவியின் லைன் அவுட் அதே கணக்கில் ஏறக்குறைய 0.9 வோல்ட், அதற்குப் பதினோரு மடங்கு போதும். டைனமிக் மைக் தருவது சில மில்லிவோல்ட்தான், அதற்கு ஆயிரம் மடங்கு, அதாவது 60 டெசிபல் வரை தேவைப்படும். அந்த ஆயிரத்தை ஒரே ஆப்-ஆம்பில் எடுக்காதீர்கள். டிஎல்072-இன் எல்லை (மடங்கையும் ஹெர்ட்ஸையும் பெருக்கினால் வருவது) சுமார் 3 மெகாஹெர்ட்ஸ். ஆயிரத்தால் வகுத்தால் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி மழுங்கிப்போகும். ஒரே சிப்பில் இரண்டு ஆப்-ஆம்ப் இருக்கிறதே, ஆளுக்கு முப்பது மடங்கு கொடுங்கள். இடையில் ஒரு கெப்பாசிட்டர் போட்டு டிசியைத் தடுத்துவிடுங்கள்.

வள்ளியூரிலிருந்து: பீசோவை வேகமாகத் தட்டினால் சிப் போய்விடுமா?

போகலாம். ஓங்கி அடித்தால் பீசோ பத்துப் பத்து வோல்ட்டாகத் துப்பும். வாசலில் தொடராக 10 கிலோ ஓம், அதையடுத்து இரு பவர் லைனுக்கும் ஆளுக்கொரு 1என்4148 டயோடு போடுங்கள். இரண்டு ரூபாய்ச் சமாச்சாரம், விடாதீர்கள்.

சங்கரன்கோவிலிலிருந்து: குடத்தை அடிக்கும்போது சிந்தசைசரின் என்வலப் (ஒலி எழுந்து அடங்கும் விதத்தைத் தரும் பகுதி) கிளம்ப வேண்டும். ஒரே அடிக்கு மூன்று தடவை கிளம்புகிறது.

இதே சிக்கலில் நான் இரண்டு மாதம் கிடந்தேன். ஒரு கோயில் கொடைக்கு முந்தின நாள், வில்லுப்பாட்டுக் குழுவின் ஒத்திகையில் குடத்தின் வயிற்றில் தகட்டை ஒட்டிவிட்டு மீட்டரையும், கிளம்புவதைக் காட்டும் எல்இடியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். குடத்தை யாரும் தொடவில்லை, எல்இடி மினுக்கிக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன்: வில் குடத்தின் மேல்தானே கட்டியிருக்கிறது! வீசுகோல் பட்டு வில்லின் மணிகள் குலுங்க, அந்த அதிர்வு அப்படியே குடத்துக்குள் இறங்குகிறது.

செய்ய வேண்டியவை இரண்டு. ரெக்டிஃபயருக்கு (அலையை ஒரு பக்கமாக்கும் சுற்று) பின் 10 கிலோ ஓம், 1 மைக்ரோஃபாரட் போட்டு 10 மில்லிசெகண்ட் அளவுக்கு அலையைச் சமனாக்குங்கள். பிறகு கம்பேரட்டருக்கு (வோல்ட்டேஜை ஒரு வரம்போடு ஒப்பிடும் சுற்று) இரண்டு வரம்பு கொடுங்கள்: 2 வோல்ட் தாண்டினால் கேட் (என்வலப்பைக் கிளப்பும் சிக்னல்) திறக்கட்டும், 1 வோல்ட்டுக்குக் கீழே போனால்தான் மூடட்டும். மேல் வரம்பைத் திருகினால் மாற்றுகிற மாதிரி பேனலில் வையுங்கள், ஒவ்வொரு குடமும் ஒரு மாதிரி. மணிச் சத்தம் அந்த வரம்பைத் தொடாதபடி திருகி வைத்தபின் எனக்கு அடிக்கு ஒரு கேட்தான் வந்தது.

கோவில்பட்டியிலிருந்து: பேனல் அளவு?

மாடுலரில் பரவலான யூரோராக் அளவுமுறை என்றால் உயரம் 128.5 மில்லிமீட்டர். அகலம் 5.08 மில்லிமீட்டரின் மடங்குகள். 1990-களின் நடுவில் ஜெர்மனியின் டோப்ஃபர் நிறுவனம் தொடங்கிவைத்த அளவு இது. எனக்கு 6 மடங்கு அகலம் போதுமானதாக இருக்கிறது. அதற்குக் குறைத்தால் விரல் நுழையாது.

நெல்லை டவுனிலிருந்து: நெல்லையப்பர் கோயில் இசைத்தூணில் பீசோ ஒட்டிப் பதிவு செய்யலாமா?

வேண்டாம் தம்பி. தட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் உரிய கல் இல்லை அது. பசையின் கறைகூட அதில் விழக் கூடாது. கல்லின் நாதம்தான் வேண்டுமென்றால் வீட்டு ஆட்டுக்கல்லின் குழவியில் ஒட்டிப் பாருங்கள்.

களக்காட்டிலிருந்து ஒரு தங்கை: சிந்தசைசரே இன்னும் வாங்கவில்லை. இதைச் செய்து பார்க்க முடியுமா, அண்ணாச்சி?

முடியும்மா. இரண்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து, நடுப்புள்ளியை கிரவுண்டாக வைத்துக்கொள். டிஎல்072 அதில் நன்றாகவே ஓடும். கரண்ட் லைனோடு தொடர்பு இல்லாததால் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் வெகுவாகக் குறையும். பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் செருகிப் பார்க்கும் பலகை) 1 மெகா ஓமையும் 10 கிலோ ஓமையும் மாற்றி மாற்றிச் செருகி, வீட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தட்டி, சின்ன ஆம்ப் ஒன்றில் கேள். ராக்கில் ஏற்றுகிற நாளில் ஒன்று மட்டும் ஞாபகம் வை: பவர் கேபிளின் சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட். நான் அதை பிளஸ் என்று நினைத்துத் திருப்பிச் செருகி, என் முதல் போர்டையே எரித்தேன். இப்போது ஒவ்வொரு போர்டிலும் அந்தப் பக்கத்தில் பெயின்ட்டால் கோடு போட்டுவிட்டுத்தான் முதல் சிப்பை வைக்கிறேன்.