பென்சீன் இரண்டு வடிவங்களுக்கு இடையே தாவுகிறதா?

“பென்சீனுக்கு இரண்டு உடனிசைவு அமைப்புகள் வரைகிறோமே, மூலக்கூறு ஒன்றிலிருந்து மற்றதற்கு எவ்வளவு வேகமாக மாறுகிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள். பென்சீன் என்பது ஆறு கார்பன் அணுக்கள் வளையமாக இணைந்த மூலக்கூறு; ஒற்றை, இரட்டைப் பிணைப்புகளை மாற்றி மாற்றிப் போட்டு அதற்கு வரையும் இரண்டு படங்கள்தான் இந்த உடனிசைவு அமைப்புகள்.

மாறுவதே இல்லை. ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போது வருடா வருடம் என்னிடம் வரும் கேள்வி இது, கேட்பதில் தப்பே கிடையாது, ஏனென்றால் 1872-ல், பென்சீனுக்கு வளைய வடிவத்தை முன்வைத்த வேதியியலாளர் கெக்குலேயே இரட்டைப் பிணைப்புகள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன என்றுதான் சொன்னார்.

முதலில் நீளத்தைப் பாருங்கள். கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பு சுமார் 154 பைக்கோமீட்டர், இரட்டைப் பிணைப்பு 134. பென்சீனில் ஆறு பிணைப்புகளும் ஒரே மாதிரி 139. சரி, வேகமாகத் தாவினால் சராசரிதானே தெரியும் என்று நீங்கள் கேட்கலாம், நல்ல கேள்வி. அதற்குப் பதில் வெப்பத்தில் இருக்கிறது.

ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு உள்ள சைக்ளோஹெக்சீனோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் மோலுக்குச் சுமார் 120 கிலோஜூல் வெளிவரும். மூன்று இரட்டைப் பிணைப்பு என்றால் 360 வர வேண்டும். பென்சீனில் வருவது 208தான்! தாவிக்கொண்டிருக்கும் மூலக்கூறாக இருந்தால் எந்த நொடியில் பிடித்தாலும் அது மூன்று இரட்டைப் பிணைப்புள்ள ஏதோ ஒரு வடிவத்தில்தான் இருக்கும், அப்போது கிட்டத்தட்ட 360 வந்தே ஆக வேண்டும். 150 குறைகிறது என்றால், அந்த இரண்டு படங்களையும்விட நிலையான மூன்றாவது ஒன்றுதான் எப்போதும் இருக்கிறது. இரட்டைப் பிணைப்புகளின் இரண்டாவது கோடுகளுக்கான ஆறு எலக்ட்ரான்களும் ஆறு கார்பன்கள் மீதும் பரவிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். ஒன்றரைப் பிணைப்பைக் காட்ட நம்மிடம் கோடு இல்லை, அதனால் இரண்டு படம் போடுகிறோம். குறை நம் வரைமுறையில், மூலக்கூறில் இல்லை. எனக்கு இந்த இடம் புரிந்த பிறகுதான் கரிம வேதியியல் பிடிக்கவே ஆரம்பித்தது.

அப்புறம், வரையும்போது எலக்ட்ரான்களை மட்டும் நகர்த்துங்கள், அணுவைத் தொடாதீர்கள். அசிட்டோனின் கீட்டோ (C=O உள்ளது), ஈனால் (C=C–OH உள்ளது) வடிவங்களை உடனிசைவு என்று எழுதிப் பலர் மதிப்பெண் இழக்கிறார்கள். அங்கே ஒரு ஹைட்ரஜன் அணு உண்மையாகவே இடம் மாறுகிறது, அவை இரண்டு தனித்தனிச் சேர்மங்கள், அதனால் நடுவில் எதிரெதிராகப் போகும் இரண்டு அம்புகள். உடனிசைவுக்கு இரு முனையிலும் தலையுள்ள ஒரே அம்பு.