ஜெர்மனியிலும் குடியரசுத் தலைவர் இருக்கிறார், பிரான்ஸிலும் இருக்கிறார். பிறகு ஏன் பிரான்ஸ் தலைவரை மட்டும் நமக்குத் தெரிகிறது?

பதவியின் பெயர்தான் ஒன்று, வேலை வேறு. ஜெர்மனியில் மக்கள் நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்த உறுப்பினர்கள் வாக்களித்து சான்சலரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆட்சி அவர் கையில். குடியரசுத் தலைவர் கல்யாண வீட்டுப் பெரியவர் மாதிரி: அவர் முன்னால் நிற்காமல் தாலி ஏறாது, ஆனால் பந்தியும் பணமும் வேறொருவர் பொறுப்பு.

இப்படி வைத்ததற்குக் கசப்பான காரணம் உண்டு. 1933-இல் ஹிட்லரை சான்சலராக நியமித்தது, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க். அதனால் 1949 அரசியலமைப்பில் அந்தப் பதவியின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். சான்சலரை நாடாளுமன்றம் கவிழ்க்க வேண்டுமானால்கூட அடுத்தவர் யார் என்று முடிவுசெய்து அவருக்குப் பெரும்பான்மை காட்ட வேண்டும். 1982-இல் சான்சலர் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தது அப்படித்தான். எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

பிரான்ஸின் பயம் நேரெதிர். அங்கே அரசுகள் சில மாதங்களிலேயே கவிழ்ந்துகொண்டிருந்தன, அதனால் 1958-இல் அப்போதைய பிரதமர் சார்ல் தெ கோல் பலமான தலைவர் பதவியை உருவாக்கினார், 1962-இல் அது நேரடித் தேர்தலாகவும் ஆனது. முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு இல்லையென்றால், முதல் இருவருக்குள் இரண்டாம் சுற்று.

அதற்காக பிரான்ஸ் தலைவர் நினைத்ததெல்லாம் நடக்கும் என்று பலர் நினைப்பது தவறு: நாடாளுமன்றப் பெரும்பான்மை எதிரணியிடம் போனதால், 1997 முதல் 2002 வரை சிராக் தலைவராக இருந்தும் உள்நாட்டு ஆட்சியை நடத்தியது சோசலிஸ்ட் பிரதமர் ஜோஸ்பன்தான்.