டலஸ் கைவிட்ட லூகாவும் கல்லடியில் ஒரு கோபமும்

கேள்வி: எனக்கு 26 வயது. பாடசாலை டீமில் பாஸ்கட்போல் விளையாடியவன். 2018இல் லூகா டொன்சிச் அமெரிக்க பாஸ்கட்போல் லீக்கின் (NBA) டலஸ் மவெரிக்ஸ் டீமுக்கு வந்ததிலிருந்து நானும் மாமாவின் மகனும் அந்த டீம் என்றால் உயிர். விடியவே எழும்பி ஒன்றாக இருந்து மெட்ச் பார்ப்போம். 2025 பெப்ரவரியில் லூகாவை லொஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் டீமுக்குக் கொடுத்தார்கள். மச்சான் அடுத்த கிழமையே லேக்கர்ஸ் பக்கம் போய்விட்டான். துரோகி என்று ஏசினேன். அன்றிலிருந்து கதை பேச்சில்லை. லூகாவைக் கொடுத்த டலஸ் பொது முகாமையாளர் நிக்கோ ஹாரிசனை நவம்பரில் வேலையால் நிற்பாட்டியபோது துள்ளிக் குதித்தேன். ஆனால் அடுத்த நாளே பழைய கோபம் திரும்ப வந்துவிட்டது. 'அமெரிக்காவில எவனோ எவனையோ வித்தா உனக்கென்ன மகன்?' என்று அம்மா கேட்கிறா. லூகாவின் 77ஆம் இலக்க நீல ஜேர்சியை எரித்துவிட்டு இந்த விளையாட்டையே மறந்துவிடட்டா?
- மட்டக்களப்பு, கல்லடி வாசகர்

பதில்:

அன்புத் தம்பி,

முதலில் அம்மாவுக்கு ஒரு பதில். பாஸ்கட்போல் மட்டக்களப்புக்கு அந்நியமான விளையாட்டில்லை. புனித மிக்கேல் கல்லூரியின் முற்றத்தில் அதை வளர்த்தவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார். வெபர் மைதானத்தின் பெயரே அப்படி வந்த ஒருவருடையது. பிள்ளைகளைப் பழக்கிப் பழக்கி இந்தப் பகுதியிலேயே வாழ்ந்த யூஜின் ஹேபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்டில் மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற்போனார். அவர் பிறந்த லூசியானா, டலஸ் இருக்கும் டெக்சாஸுக்குப் பக்கத்து மாநிலம். இந்த விளையாட்டில் எங்கள் பிள்ளைகளுக்கு எழுபது வருடத்துக்கு மேலான உரிமை இருக்கிறது. ஆகவே உங்கள் கவலை வீண் கவலை என்று நான் சொல்ல மாட்டேன்.

நீங்கள் மட்டும் கவலைப்படவும் இல்லை. லூகாவைக் கொடுத்த நேரம் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. பூசை முடிந்து வந்தவர்கள் போனைத் திறந்தபோது செய்தி கிடந்தது. டலஸில் அப்போது சனி நள்ளிரவை நெருங்கும் நேரம். விடிந்ததும் சனம் விளையாட்டரங்குக்கு முன்னால் கூடியது. டேர்க் நொவிற்ஸ்கியின் சிலை நிற்கிற இடத்தில் சவப்பெட்டி கொண்டுவந்து வைத்தார்கள். நொவிற்ஸ்கி 21 பருவங்களும் அந்த ஒரே டீமுக்கு விளையாடி, 2011இல் அவர்களுக்குக் கிண்ணம் வென்று கொடுத்தவர். லூகாவும் அப்படியே இருந்து முடிப்பார் என்று அந்த நகரம் நம்பியது. 25 வயது. இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோய் எட்டு மாதம்கூட ஆகவில்லை. அப்படிப்பட்ட ஒருவரைக் கொடுத்து, 31 வயது அன்டனி டேவிஸையும், மெக்ஸ் கிறிஸ்டியையும், 2029இல் புது ஆட்டக்காரர்களைத் தெரிவுசெய்யும்போது முதற்சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமையையும் வாங்கினார்கள். தடுப்பாட்டம்தான் கிண்ணம் வெல்லும் என்பது ஹாரிசன் சொன்ன நியாயம். டேவிஸ் நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் டலஸுக்காக ஆடிய முதல் மெட்ச்சிலேயே காயப்பட்டார். மார்ச்சில் டலஸின் இன்னொரு நட்சத்திரம் கைரி இர்விங்கும் முழங்காலில் காயப்பட்டார். எரிகிற மனதுக்கு இவை இன்னும் எண்ணெய்.

தம்பி, உங்கள் கோபம் ஹாரிசன் போன பிறகும் போகாததற்கு எனக்கு ஒரு காரணம் தெரிகிறது. டீம் என்றால் என்ன என்பதை நீங்கள் பாடசாலையில் படித்தீர்கள். அங்கே ஒரு பிள்ளையைக் கொடுத்து இன்னொரு பிள்ளையை வாங்குவதில்லை. தோற்றாலும் வென்றாலும் அந்த ஐந்து பேரும் நம்முடையவர்கள். கோட்டுக்கு வெளியே கத்துகிறவனுக்கும் அதில் பங்குண்டு. அமெரிக்க லீக் அப்படி நடப்பதில்லை. ஆட்டக்காரரின் ஒப்பந்தம் கழகத்தின் சொத்து. மாற்றக்கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் அவரைக் கேட்கவே தேவையில்லை. லூகாவுக்கு அந்த நிபந்தனை இருக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பினார்கள். உங்களுக்கும் யாரும் சொல்லவில்லை, அவருக்கும் சொல்லவில்லை. ஹாரிசனை நீக்கியது இதை மாற்றாது. உங்களை நோகப்பண்ணிய முறை அப்படியேதான் இருக்கிறது. நாளைக்கு வேறொரு கழகம் வேறொரு ஆட்டக்காரரை இதே மாதிரி அனுப்பும்.

காசுக்காகத்தான் லூகா போனார் என்று ஆட்கள் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். டலஸிலேயே இருந்திருந்தால் 2025 கோடையில் ஐந்து வருடத்துக்குச் சுமார் 34 கோடி 50 இலட்சம் டொலர் ஒப்பந்தத்துக்குத் தகுதி பெற்றிருப்பார். அந்தப் பெரிய தொகையை அவரைப் போன்ற ஆட்டக்காரருக்குச் சொந்தக் கழகம் மட்டுமே கொடுக்க முடியும். மாற்றப்பட்ட அன்றே அது கைநழுவிப் போனது. பிறகு லேக்கர்ஸோடு மூன்று வருடத்துக்கு 16 கோடி 50 இலட்சத்துக்குக் கையெழுத்து வைத்தார். எங்கள் கணக்கில் இரண்டும் மலைதான், ஆனாலும் நட்டப்பட்டவர் அவர்.

இனி மச்சானின் கதை. அவனைத் துரோகி என்றது பிழை, தம்பி. எங்கள் மண்ணில் அந்தச் சொல்லுக்காக ஆட்கள் செத்திருக்கிறார்கள். விளையாட்டுக் கதைக்கு அதை எடுக்கவே கூடாது. மச்சான் என்ன செய்தான்? லூகாவைப் பார்த்து ரசிகனானவன், லூகா போன இடத்துக்குப் போனான். டலஸ்காரருக்கு அந்த டீம் ஊர்ப் பாசம். அவர்களின் பிள்ளைகளும் அந்த நகரத்திலேயே வளரும், விட்டுப்போக முடியாது. உங்கள் இருவருக்கும் டலஸ் ஊருமில்லை உறவுமில்லை. லூகாவின் கையில் பந்து வந்த பிறகுதான் அந்த நீலம் உங்களுக்குப் பிடித்தது. அவன் அவரோடு போனான், நீங்கள் டீமோடு நின்றீர்கள். இரண்டும் அன்பால் வந்ததுதான்.

டலஸ் ரசிகர்களையே பாருங்கள். 2025 ஏப்ரல் 9ஆம் திகதி லூகா லேக்கர்ஸ் உடுப்போடு அங்கே வந்தார். பழைய ஆட்டங்களின் வீடியோவைப் போட்டபோது துவாயால் முகத்தை மூடி அழுதார். பிறகு எழும்பி அவர்களுக்கே எதிராக 45 புள்ளி எடுத்தார். டலஸ் தோற்றது. சொந்த டீமைத் தோற்கடித்தவரை அந்த அரங்கம் எழுந்து நின்று கைதட்டிக் கொண்டாடியது. ஹாரிசனை வேலையால் நிற்பாட்டு என்று கத்தியதும் அதே சனம், அதே இரவு. கோபத்தை எங்கே வைப்பது, அன்பை எங்கே வைப்பது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் உங்கள் கோபத்தைக் கொண்டுபோய் ஏழு வருடம் பக்கத்தில் இருந்து மெட்ச் பார்த்தவனின் தலையில் போட்டுவிட்டீர்கள்.

டலஸுக்குப் புது ஆட்டக்காரர் கூப்பர் ஃபிளக் வந்துவிட்டாரே, அவரை நேசிக்கலாமே என்று சிலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். புது ஆட்டக்காரர்களில் முதல் ஆளைத் தெரிவுசெய்யும் உரிமை கிடைக்க 1.8 சதவீத வாய்ப்பே இருந்த டீமுக்கு அது கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம்தான். பிள்ளை நன்றாகவும் ஆடுகிறது. ஆனால் அதற்காக அவசரப்பட்டு மனதை மாற்றிக்கொள்ள வேண்டாம். ஆட்டத்தைப் பாருங்கள், பிடித்தால் பிடிக்கட்டும்.

ஜேர்சியை எரிக்க வேண்டாம். லூகா லேக்கர்ஸிலும் 77தான் போடுகிறார். இந்தக் கிழமையே மாமா வீட்டுக்குப் போங்கள். போனில் செய்தி அனுப்பி மன்னிப்புக் கேட்க வேண்டாம், நேரில் போய், சொன்னது பிழை என்று சொல்லுங்கள். அவன் முகத்தைத் திருப்பினாலும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வாருங்கள். டலஸும் லேக்கர்ஸும் அடுத்து எப்போது மோதுகின்றன என்று பார்த்து, அந்த விடியலுக்கு அவனைக் கூப்பிடுங்கள். அவன் மஞ்சள் போடட்டும், நீங்கள் நீலம் போடுங்கள். அம்மாவிடம் மூன்று தேத்தண்ணி கேளுங்கள், மூன்றாவது அவவுக்கு.