தொழிற்சாலை நாற்றத்தால் உடம்பு கெடுமா?

வீட்டருகே உள்ள தொழிற்சாலையிலிருந்து நாற்றம் வந்தாலே தலைவலி, குமட்டல். அளந்து பார்த்தவர்களோ 'வாயு அளவுக்குள்தான் இருக்கிறது' என்கிறார்கள். அப்படியானால் இது மனப்பிரமையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லவே இல்லை. அம்மோனியா போன்றவை செறிவு கூடினால் கண்ணையும் தொண்டையையும் நேரடியாக எரிக்கும். அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வேறு மாதிரி. நஞ்சாகும் அளவுக்கு மிகவும் கீழேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் இதற்கு இரண்டு வரம்பு வைத்தது: உடல்நலத்துக்கு 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 150 மைக்ரோகிராம், நாற்றத் தொல்லைக்கு அரை மணி நேரச் சராசரியாக வெறும் 7. 'அளவுக்குள்' என்பவரிடம் எந்த வரம்பு, எத்தனை மணி நேரச் சராசரி என்று கேளுங்கள். ராத்திரி 20 நிமிடம் குப்பென்று அடித்த வாடை, நாள் சராசரியில் காணாமல் போயிருக்கும்.

நஞ்சு அளவை எட்டாவிட்டாலும் குமட்டலும் தூக்கக் கேடும் நிஜம். ஜன்னலைச் சாத்தியே வைத்து, எப்போது வருமோ என்று படபடத்துக் கிடப்பதும் உடம்பைப் பாதிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு வரலாம்.

ஒன்று முக்கியம். கடும் வாடை சட்டென மறைந்தால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். சுமார் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும். கண்ணும் எரிந்தால் உடனே அங்கிருந்து விலகுங்கள்.

அப்புறம், தேதி, நேரம், காற்றின் திசை, யாருக்கு என்ன செய்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். புகாரோடு கொடுத்தால், அந்த நேரத்தில் ஆலையில் என்ன ஓடியது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.