கவிழ்ந்து படுத்துத் தூங்கும் பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு 4 வயது, டவுன் சிண்ட்ரோம். ராத்திரியில் பலமாகக் குறட்டை விடுகிறான். சம்மணமிட்டு உட்கார்ந்து, முன்னால் கவிழ்ந்து காலில் தலைவைத்துத் தூங்குகிறான். "அசந்து தூங்குறான், விடு" என்கிறார் மாமியார். டாக்டரோ டான்சில் ஆபரேஷன் பற்றிப் பேசுகிறார். தேவைதானா? லீவுக்கு ஏற்காடு கூட்டிப்போகலாமா?
- வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: மூச்சுக்கு வழி தேடித்தான் அவன் கவிழ்ந்து படுக்கிறான். மல்லாந்தால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு முகத்தின் நடுப்பகுதி சிறியது, மூக்குப் பாதை குறுகல், தசைகள் தளர்வு. அந்தச் சின்ன இடத்தில் அடினாய்டும் (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) டான்சிலும் பெருத்துவிட்டால் காற்று எங்கே போகும்?

இன்றைக்கே, விடியற்காலை 3, 4 மணிவாக்கில் சட்டையைக் கழற்றிவிட்டு, கழுத்திலிருந்து வயிறுவரை தெரியும்படி 10 நிமிடம் செல்போனில் வீடியோ எடுங்கள். கனவுத் தூக்கம் அதிகமாக வரும் நேரம் அது. தசைகள் இன்னும் தளரும். மூச்சிழுக்கும்போது தொண்டைக்குழி உள்வாங்குகிறதா? வயிறு எழும்ப நெஞ்சு அமுங்குகிறதா? குறட்டை சட்டென்று நின்று, திணறலோடு மறுபடி தொடங்குகிறதா? அந்த இடைப்பட்ட அமைதியில்தான் ஆபத்து. நெஞ்சு அசையும், காற்று போகாது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் வீடியோவைக் காட்டுங்கள்.

வீடியோவில் ஒன்றும் தெரியாவிட்டாலும் ஸ்லீப் ஸ்டடி (தூங்கும்போது மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் பதிவுசெய்யும் பரிசோதனை) அவசியம். டவுன் சிண்ட்ரோம் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும், குறட்டையே இல்லாவிட்டாலும், 4 வயதுக்குள் அதைச் செய்துவிட வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் பரிந்துரை. ராத்திரிதோறும் ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறும். அதனால் எக்கோவும் (இதய ஸ்கேன்) பாருங்கள். தைராய்டு பரிசோதனையும் விட்டுப்போகக் கூடாது.

தூக்கத்தில் மூச்சு அடைபடுவது உறுதியானால் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். மயக்க மருந்து கொடுப்பவரிடம் டவுன் சிண்ட்ரோம் என்பதை நீங்களே சொல்லுங்கள். மூச்சுக்குழாய் குறுகலாக இருப்பதால் வயதுக்கு வழக்கமானதைவிடச் சிறிய ட்யூப் தேவைப்படலாம். கழுத்துப் பகுதி முதுகெலும்பின் மூட்டு தளர்வாக இருக்கலாம் என்பதால் தலையை வளைக்கவோ திருகவோ கூடாது. அன்றைய ராத்திரி மருத்துவமனைக் கண்காணிப்பிலேயே இருக்கட்டும். பல பிள்ளைகளுக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் அடைப்பு மிச்சம் இருக்கும். சில மாதம் கழித்து மறுபடி ஸ்லீப் ஸ்டடி. மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபேப் கருவி தேவைப்பட்டால் மாஸ்க்கைப் பகலில் டிவி பார்க்கும்போது ஐந்தைந்து நிமிடம் போட்டுப் பழக்குங்கள். இருமலுக்கென்று தூக்கம் வரவைக்கும் சிரப்பை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மலையில் ஆக்சிஜன் குறைவு. தூக்கத்தில் ஏற்கெனவே மூச்சு முட்டும் பிள்ளைக்கு அங்கே ராத்தங்கல் வேண்டாம். எக்கோவும் ஸ்லீப் ஸ்டடியும் முடிந்து மருத்துவர் சம்மதிக்கும்வரை பொறுங்கள். சளி பிடித்திருந்தால் பகலிலும் போகாதீர்கள். மேலே இருக்கும்போது உதடு நீலம் பாய்ந்தாலோ விலா இழுத்து மூச்சு வாங்கினாலோ, படுக்கவைக்காமல் உட்காரவைத்து, 108-ஐ அழைத்து, உடனே கீழே இறக்குங்கள்.