தெருப் பூங்காவில் உறைகிணறு: மாநகராட்சி பணம் தருமா?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் 40 வீடுகள் உள்ள தெரு எங்களுடையது. கார்த்திகையில் முழங்காலளவு தண்ணீர், சித்திரையில் தண்ணி லாரி. தெருமுனைப் பூங்காவில் உறைகிணறு (சிமென்ட் வளையங்களை அடுக்கிக் கட்டும் கிணறு) வெட்டி மழைநீரை இறக்க நலச்சங்கத்தில் முடிவெடுத்திருக்கிறோம். மாநகராட்சி உதவுமா?

பதில்: உதவி கேட்க வழி இருக்கிறது. நகர்ப்புற ‘நமக்கு நாமே’ திட்டத்தில் இப்படிப்பட்ட பணிகளுக்கு மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும். மீதியை அரசு போடும். மதிப்பீடு 3 லட்சம் என்றால் உங்கள் பங்கு 1 லட்சம், வீட்டுக்கு 2,500 ரூபாய். பூங்கா மாநகராட்சியின் பெயரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மனை பிரித்தவர் இன்னும் ஒப்படைக்காத இடமென்றால் மனு அங்கேயே நின்றுவிடும். இடத்தின் வரைபடம், தண்ணீர் தேங்கிய படங்கள், வீட்டுக்கொரு கையெழுத்து ஆகியவற்றோடு மண்டல அலுவலகத்தில் மனு கொடுங்கள். வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்திலும் இதைப் பேசிப் பதிவு செய்யுங்கள்.

மதிப்பீடு போட வார்டு உதவிப் பொறியாளர் வரும்போது ஆழத்தைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள். எல்லா இடத்துக்கும் ஒரே அளவு ஒத்துவராது. கடலோரத் திருவான்மியூர் மணலில் தண்ணீர் சட்டென்று இறங்கும். களிமண்ணிலேயே நின்றுவிட்ட கிணறு வெறும் தொட்டிதான். களி முடிந்து மணலோ நீர் இறங்கும் வேறு மண்ணோ தட்டுப்படும்வரை தோண்ட வேண்டும். நிலத்தடி நீர் கீழே கிடக்கும் மே மாதம் அதற்கு ஏற்றது. உறைகளின் பக்கவாட்டில் துளைகள் இருக்கட்டும், இணைப்புகளில் சிமென்ட் பூசக் கூடாது, அடியில் கான்கிரீட் போடவே கூடாது. சுத்தமாக இருக்கட்டும் என்று மேஸ்திரி அடியைப் பூசிவிடுவது அடிக்கடி நடக்கிறது. வேலை நடக்கும்போது யாராவது பக்கத்தில் நில்லுங்கள்.

சாலைத் தண்ணீரை நேரே கிணற்றில் விடாதீர்கள். 3 அடிக்கு 3 அடியில் ஒரு வண்டல் தொட்டி கட்டி, தொட்டியின் தரையிலிருந்து ஓரடிக்கு மேலான உயரத்தில் கிணற்றுக்குக் குழாய் வையுங்கள், குழாய் வாயில் சல்லடை. மண் தொட்டியிலேயே தங்கிவிடும். மழையில் சாக்கடை பொங்கும் தெருவென்றால் சாலைத் தண்ணீரே வேண்டாம், மொட்டைமாடித் தண்ணீரை மட்டும் விடுங்கள்.

ஒரு கிணறு வெள்ளத்தை நிறுத்திவிடும் என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். 3 அடி விட்டம், 15 அடி ஆழமுள்ள கிணறு ஒரு சமயத்தில் கொள்வது சுமார் 3,000 லிட்டர். 10 செ.மீ. மழையில் 1,000 சதுர அடி மாடி ஒன்றிலிருந்தே சுமார் 9,300 லிட்டர் வரும். கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறிவிட்டால் கிணறு குடிப்பதும் குறைந்துவிடும். அதனால் நிரம்பி வழியும் நீர் மழைநீர் வடிகாலுக்குப் போக ஒரு குழாய் அவசியம். இந்தக் கிணற்றால் வரும் பலன் கோடையில் தெரியும். வெள்ளம் குறைய வேண்டுமென்றால் 40 வீடுகளும் மாடித் தண்ணீரைத் தங்கள் வளாகத்திலேயே இறக்க வேண்டும். 2003 முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயம். எத்தனை வீட்டில் குழாய் அடைத்துக் கிடக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்த்துவிடுங்கள்.

பராமரிப்பை யார் செய்வது என்பதை மனுவிலேயே எழுதுங்கள். புரட்டாசியில் ஒரு முறை, பெருமழைக்குப் பின் ஒரு முறை வண்டல் தொட்டியைத் தூர் வார வேண்டும். கிணற்று மூடிக்குப் பூட்டு வேண்டும், பூங்காவில் பிள்ளைகள் ஓடுவார்கள். நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றுக்குள் விஷவாயு இருக்கலாம், உடனே ஆளை இறக்காதீர்கள்.